கோரியது உண்டா

தம்பி,

இந்தக் கடிதாசியை உன் கையில குடுத்துட்டு உங்க அப்பா எதிர்ல உக்காந்திருப்பாரு. அவரை மொறைக்காத. உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு அவருக்குத் தெரியும். ஆனா இதுல அவரு செஞ்ச தப்பு ஒண்ணே ஒண்ணுதான், என் பேச்சைக் கேட்டது. மொதல்ல அவருக்கு ஒரு டீ போட்டுக் குடு, சக்கரை இல்லாம. விடியறதுக்கு முன்னாடி பஸ்ஸு ஏறி விருத்தாசலத்துலேர்ந்து புதுச்சேரிக்கு வந்திருக்காரு. செலினு வீட்டுல இருந்தா அவளையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுப் படி. பொண்டாட்டிக்குத் தெரியாம படிச்சுட்டு மடிச்சு வைக்கிற விஷயம் இல்ல இது. மாமியார் மானம் போவுதேன்னு பாக்காத, போனா போவட்டும்.

போன்ல சொல்ல வேண்டியதுதானேன்னு கேப்ப. போன்ல சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நான் பாதி சொல்றதுக்குள்ள நீ ‘விடும்மா, பாத்துக்கலாம்’னு சொல்லுவ. நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தவ மாதிரி ‘சரிப்பா, சாப்பிட்டியா’ன்னு பேச்சை மாத்திடுவேன். நம்ம ரெண்டு பேருக்கும் அது நல்லா வரும். அதான் உக்காந்து எழுதுறேன். பேசும்போது எனக்கு வூடுன்னுதான் வரும், பேனாவைப் புடிச்சா வீடுன்னு வருது, சிரிக்காத. நாளன்னைக்கு வியாழக்கிழமை நீ பாங்குக்குப் போயி புது வீட்டுப் பேப்பர்ல எல்லாம் கையெழுத்துப் போடப் போற. அதுக்கு முன்னாடி இது உன் கைக்கு வந்து சேரணும்.

ஞாயித்துக்கிழமை நீ கூப்பிட்டப்ப நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். ‘அம்மா, புது வூட்டுக்கு இன்சூரன்ஸு ஃபாரம் ரொப்பிக்கிட்டு இருக்கேன். இதுக்கு முன்னாடி உங்க பேருல வீட்டுக்கு இழப்பீடு கோரியது உண்டான்னு ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. விருத்தாசலம் வூட்டுக்கு நாம எதுவும் க்ளெய்ம் பண்ணலல்ல?’ன்னு கேட்ட. ‘இல்லப்பா’ன்னுட்டேன். நடுவுல ஒரு மூச்சுகூட விடல. நீ ‘சரிம்மா’ன்னுட்டு பிள்ளைக்குப் பல்லு மொளைச்ச கதைக்குப் போயிட்ட. உங்க அப்பா பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கி என்னைப் பாத்தாரு. நான் வெங்காயத்தைப் பாத்தேன். போனை வச்சப்புறம், ‘நாம என்ன வாங்கிட்டோம்? ஒரு பைசா வாங்குனோமா? வாங்காததுக்கு எப்புடி உண்டுன்னு சொல்றது?’ன்னு சத்தம் போட்டேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேக்கல. மடியில கனம் இருந்தா வழியில பயம்பாங்க. எனக்கு வீட்டுக்குள்ளயே பயம்.

நான் செராமிக் கம்பெனியில அத்தனை வருஷம் என்ன வேலை பாத்தேன்னு உனக்குத் தெரியும். சூளையிலேர்ந்து வர்ற கப்பு, ஃப்யூஸ் கட்டை எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்து சின்னக் குச்சியால ஒரு தட்டு தட்டணும். நல்ல சாமான்னா கிண்ணுன்னு கேக்கும். உள்ள விரிசல் இருந்தா மொக்கையா ஒரு சத்தம் வரும். மேல கண்ணாடி மாதிரி கிளேஸு பூசி பளபளன்னு இருக்கும், கண்ணால பாத்தா ஒண்ணும் தெரியாது. அன்னிக்கு நான் சொன்ன ‘இல்லப்பா’ என் காதுலயே மொக்கையாத்தான் விழுந்துச்சு. உன் காதுல விழல. யாரு சொன்னாலும் ரெண்டு தடவை கேக்குறவன் நீ, அம்மா சொன்னா மட்டும் தட்டிப் பாக்க மாட்ட. ரெண்டு நாளா என்னை அறுக்கிறது அதுதான்.

உண்டு தம்பி. கோரியது உண்டு. உன் பேருல, உனக்குத் தெரியாம, நான் கோரினேன். அப்பறம் வாபஸும் வாங்கினேன். மிச்சத்தையும் சொல்லிடுறேன், கேளு.

இந்த வீட்டை வாங்கினப்ப எங்க வயசுக்கு பாங்குல லோன் தர மாட்டாங்கன்னு உன் பேருல வாங்கினோம். வீட்டு இன்சூரன்ஸையும் பாங்குக்காரங்களே உன் பேருல போட்டுக் குடுத்தாங்க. நான் வேலையிலேர்ந்து நின்னப்புறம், கம்பெனியில கழிச்சுப் போட்ட ஒரு சின்ன கரண்டு சூளையை வாங்கியாந்து பின்னாடி ரூம்புல வச்சுக் கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை சுடுறேன்னு சொன்னேன். நீ அப்ப ஓசூர்ல வேலையில இருந்த. ‘வூட்டுக்குள்ள சூளை வேணாம்மா, வெளிய ஒரு ஷெட்டு போட்டுத் தரேன், கொஞ்சம் பொறு’ன்ன. சரின்னேன். நீ பஸ்ஸு ஏறின மறுநாளே சூளை பின்னாடி ரூம்புக்கு வந்துடுச்சு. நீ லீவுக்கு வரும்போதெல்லாம் அது மேல ஒரு வெள்ளைத் துணியைப் போத்தி, துணி மேல மாதா சுரூபத்தை வச்சு, ரெண்டு மெழுகுவத்தியும் ஏத்திடுவேன். நீ அதுக்கு முன்னாடி நின்னு சிலுவை போட்டுக்கிட்டுப் போயிருக்க. உங்க அப்பா அப்பல்லாம் தோட்டத்துப் பக்கம் எழுந்து போயிடுவாரு.

நாலு வருஷத்துக்கு முந்தி, நல்ல மழைக்காலத்துல, முப்பது குடில் செட்டுக்கு ஆர்டர் புடிச்சேன். சூசையப்பர், மாதா, மூணு ராஜாக்கள், ஆடு, மாடுன்னு ஒரு செட்டுக்குப் பத்துப் பொம்மை. சூளையை ஓய விடாம போட்டுக்கிட்டே இருந்தேன். ‘வயரு சூடாவுது, பாத்துக்க’ன்னு உங்க அப்பா ரெண்டு தடவை சொன்னாரு. ‘உங்களுக்கு டீயைத் தவிர எல்லாமே சூடாத்தான் தெரியும்’னு நக்கல் அடிச்சேன். அன்னிக்குச் சாயங்காலம் சூளையைப் போட்டுட்டு அடுத்த தெருவுல ஜெபமாலை சொல்லப் போயிட்டேன். திரும்பி வந்தா வீட்டைச் சுத்திப் புகை. அக்கம் பக்கத்துல மெயினை ஆஃப் பண்ணிட்டு மண்ணை அள்ளிக் கொட்டி அணைச்சாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல, கடவுளுக்கு நன்றி. ஆனா பின்னாடி ரூம்பு போச்சு. ஜன்னல், பரண், மேல போட்டிருந்த ஷீட்டு எல்லாம் போச்சு. உன் ஸ்கூலு நோட்டு, ரேங்க் கார்டெல்லாம் ஒரு தகரப் பொட்டியில வச்சிருந்தேனே, அதுவும் உள்ளயே கருகிப் போச்சு.

நெருப்பை விட எனக்கு உன்மேலதான் பயம். ‘சொன்னேன்ல’ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடுவியேன்னு பயம். அதைக் கேக்க என்னால முடியாதுன்னு தோணிச்சு. நீ கிறிஸ்துமஸுக்கு வர்றதுக்குள்ள ரூம்பைப் பழையபடி ஆக்கிடணும்னு, வீட்டு இன்சூரன்ஸு இருக்குதே, அதுல கேட்டுடலாம்னு முடிவு பண்ணேன். வீட்டுக்குள்ள தொழில் பண்ணா தர மாட்டாங்கன்னு பாலிசியில எழுதியிருந்ததை உங்க அப்பா படிச்சுக் காட்டினாரு. அப்ப தொழிலே நடக்கலன்னு ஆக்கிட்டா போச்சுன்னேன். எரிஞ்ச சூளையைத் தெரிஞ்சவங்க குடோனுக்குத் தள்ளிவுட்டோம். ரிப்பேராகிக் கெடந்த பழைய ஃப்ரிட்ஜைக் கொண்டாந்து அந்த எடத்துல வச்சோம். ஃப்ரிட்ஜு ஷார்ட் சர்க்யூட் ஆயிடுச்சுன்னு எழுதினேன். கீழ பாலிசிக்காரர் கையெழுத்துன்னு போட்டிருந்துச்சு. பாலிசிக்காரர் நீ.

எட்டாவது படிக்கும்போது கணக்குல கோட்டை விட்டுட்டு, ரேங்க் கார்டுல என் கையெழுத்தை நீயே போட்டுக்கிட்டுப் போனியே, ஞாபகம் இருக்குதா? உங்க டீச்சரு கண்டுபுடிக்கல, நான்தான் கண்டுபுடிச்சேன். கடைசி எழுத்தோட வாலை அவ்ளோ அழகா சுழிச்சிருந்த. நான் என் ஜென்மத்துல அப்படிப் போட்டதில்ல. கரண்டிக் காம்பால ரெண்டு வச்சு, மாதா படத்துக்கு முன்னாடி உன்னை முட்டி போட வச்சேன். ‘அடுத்தவங்க கையெழுத்தைப் போடத் துணிஞ்சவன் நாளைக்கு எதையும் செய்வான்’னு சொன்னேன். அப்படிச் சொன்னவ, பழைய பேப்பர் ஓரத்துல இருவது தடவை உன் இங்கிலீஷு கையெழுத்தைப் போட்டுப் பழகிட்டு, ஃபாரத்துல போட்டேன். உங்க அப்பா எட்டிப் பாத்தாரு. ‘அவன் இவ்ளோ அழகா போட மாட்டானே’ன்னாரு. ‘வாயை மூடுங்க’ன்னேன்.

எரிஞ்சதைப் பாத்து எழுத இன்சூரன்ஸு கம்பெனியிலேர்ந்து சர்வேயர்னு ஒருத்தர் வந்தாரு. ஸ்ரீமுஷ்ணத்துக்காரர், முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும். செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து, ஃப்ரிட்ஜை ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. அப்பறம் தரையில குந்தி உக்காந்து வண்டிச் சாவியால எதையோ சொரண்டி எடுத்தாரு. நீலக் கலர்ல ஒரு கண்ணாடித் துளி. மாதாவோட மேலாடைக்கு நான் பூசுற நீலக் கிளேஸு, உருகிச் சொட்டித் தரையோட ஒட்டிக்கிட்டு இருந்திருக்குது. கழுவினப்ப கரியோட கரியா என் கண்ணுல படல. அதை என் உள்ளங்கையில வச்சாரு. ‘ஏம்மா, ஃப்ரிட்ஜு எரிஞ்சா கிளேஸு சொட்டுமா? எங்க அம்மாவும் செராமிக்லதாம்மா வேலை பாத்தாங்க’ன்னாரு. கொல்லன் தெருவுல ஊசி வித்த கதையா, விருத்தாசலத்துல உக்காந்துக்கிட்டு இந்தப் பொய்யைச் சொன்னேன் பாரு.

‘உங்க மவன் எங்கம்மா? இது அவரு போட்ட கையெழுத்துதானா?’ன்னு கேட்டாரு. உங்க அப்பா செவுத்தைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அந்த சர்வேயரே, ‘நான் எழுதினா பொய்யின்னுதாம்மா எழுதணும். நீங்களே வேணாம்னு வாபஸ் எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, நான் வாங்கிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்’னாரு. குடுத்தேன். அந்தக் கடிதத்துலயும் உன் கையெழுத்தை நான்தான் போட்டேன். அப்ப கை நடுங்கிச்சு. அதனாலயோ என்னவோ அது உன்னோடது மாதிரியே வந்துச்சு. அந்த நீலத் துளி என் ஜெபமாலை டப்பாவுல இன்னும் இருக்குது.

ரூம்பை நாங்களே சரி பண்ணோம். நீ கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப ‘என்னம்மா புது பெயிண்டு?’ன்னு கேட்ட. ‘பண்டிகைக்கு அடிச்சோம்’னேன். நல்ல கலருன்னு சொன்ன. அந்த வாரம் கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனேன். கோவப்பட்டேன், பொய் சொன்னேன், ஒரு ஞாயிறு பூசைக்கு லேட்டா போனேன்னு வேக வேகமா ஒப்பிச்சு, இதை நடுவுல ஒரு வார்த்தையா செருகிட்டேன். சாமியாரும் பாவம், என்ன கண்டாரு, மூணு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டு வந்து நிம்மதியா மீன் கொழம்பு வச்சேன். அந்தக் கொழம்புல உனக்குப் பெரிய துண்டா போட்டேன். நாலு வருஷம் அந்த நிம்மதியிலயே ஓட்டிட்டேன்.

நேத்து நம்ம கோயில் பங்குல இன்சூரன்ஸு ஏஜென்டா இருக்காரே ஒருத்தர், அவரை மார்க்கெட்டுல புடிச்சேன். ‘எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, அவங்க மவன் வூடு மாறப் போறான்’னு ஆரம்பிச்சேன். ‘அந்த அம்மா எந்தத் தெருவுல இருக்காங்க?’ன்னு சிரிச்சாரு. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. ஆனாலும் பொறுமையா சொன்னாரு. ‘வாபஸ் வாங்கிட்டா இல்லன்னு ஆயிடாதும்மா. கேட்டது கேட்டதுதான். பணம் வந்துச்சா வரலையாங்கிறது வேற விஷயம். பாலிசி யாரு பேருல இருந்துச்சோ அவங்ககிட்ட புதுக் கம்பெனிக்காரன் கேப்பான், அவங்க உள்ளதைச் சொல்லணும்.’ வீடு மாத்தினா பூனைகூடப் பழைய வீட்டைத்தான் சுத்தும்பாங்க. இது நாய் மாதிரி ஆளுக்குப் பின்னாடியே வருது தம்பி.

‘சொன்னா புது வூட்டுக்குத் தர மாட்டேன்னுடுவாங்களா?’ன்னு கேட்டேன். ‘சில பேரு கூட ரெண்டு கேள்வி கேப்பாங்க. கொஞ்சம் அதிகமா கட்டச் சொல்லலாம். ஒரு கம்பெனி வேணாம்னுகூட சொல்லலாம், இன்னொண்ணு குடுக்கும். ஆனா மறைச்சு வாங்கினா அப்போதைக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நாளைக்கு அந்த வூட்டுல ஏதாவது ஆகி, கையை நீட்டுறப்பதான் பழசைத் தோண்டுவாங்க. இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானேன்னு கையை விரிச்சுடலாம்’னாரு. எனக்கு அங்கயே கண்ணு முன்னாடி தெரிஞ்சுது. உன் புது வீட்டுல, பிள்ளை தூங்குற ரூம்புல ஒரு நெருப்போ வெள்ளமோ வந்து, நீ எல்லாத்தையும் விட்டுட்டு நடுத்தெருவுல நிக்கிற. அப்ப ஒருத்தன் வந்து நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்ன ஒரு ‘இல்லப்பா’வை உன் முன்னாடி நீட்டுறான். அதை நெனச்சுப் பாக்கவே முடியல.

கெளம்புறப்ப, ‘மவன் கையெழுத்தையும் அந்த அம்மாவே போட்டுட்டாங்க’ன்னேன். அவரு சுத்தும் முத்தும் பாத்துட்டுக் கொரலைத் தாழ்த்தி, ‘அதை மட்டும் அந்த அம்மா வெளிய சொல்லாம இருக்கறது நல்லதும்மா. க்ளெய்ம் கேட்டோம், வாபஸ் வாங்கிட்டோம், அவ்ளோதான்னு சொல்லிக்கலாம்’னாரு. அப்பாடான்னு இருந்துச்சு. பாதி வழி வரைக்கும் சந்தோசமாத்தான் நடந்து வந்தேன். அப்பறம்தான் உறைச்சுது. அப்படிச் சொன்னா என்ன ஆகும்? ஃப்ரிட்ஜு எரிஞ்சுதுன்னு பொய் சொன்னது நீ, மாட்டிக்கிட்டு வாபஸ் வாங்கினது நீ. ரெண்டுலயும் உன் கையெழுத்து இருக்குதே. நான் வாயை மூடிக்கிட்டா என் பொய்யை நீ காலம் பூரா சொமக்கணும். எட்டாவதுல ஒரு கையெழுத்துக்கு உன்னை முட்டி போட வச்சவ நான்.

இனிமே இந்த மாதிரி ஃபாரம் வந்தா, கேள்விக்கு என்ன அர்த்தமோ அதுக்குப் பதில் எழுது. நமக்குத் தோதான அர்த்தத்துக்கு எழுதாத. நான் கோரியதுங்கிறதை வாங்கியதுன்னு எடுத்துக்கிட்டேன், தமிழ் தெரியாமயா? ஜன்னல் கண்ணாடி ஒடைஞ்சதுக்கெல்லாம் க்ளெய்முக்கு ஓடாத, பெருசா ஒண்ணுன்னா கேளு, கேட்டதை ஒரு நோட்டுல எழுதி வை. அப்பறம் ஒண்ணு, இது இன்சூரன்ஸு இல்ல. செலினு வீட்டுல ஏதாவது தொழில் பண்ணணும்னு ஆசைப்பட்டு, நீ வேணாம்னு சொல்லி, அவளும் சட்டுன்னு சரின்னுட்டான்னா, அதை நம்பி பஸ்ஸு ஏறிடாத. இன்னொரு தடவை கேளு. அன்னிக்கு நான் ஏன் சரின்னேன் தெரியுமா? காலையில எழுந்து டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போனவளுக்கு வீட்டுல சும்மா உக்காந்திருக்கப் பைத்தியம் புடிக்கிற மாதிரி இருந்துச்சு. நாலு பொம்மையாவது கையில உருவாவணும்னு தவிச்சேன். அதை உன்கிட்ட சொல்லத் தெரியல. சண்டை போட்டிருக்கலாம், போடல. பொய் சொல்றது சுலபமா இருந்துச்சு. நீ சொன்ன ஷெட்டு போட்டிருந்தா அந்த ரூம்பு இன்னிக்கும் அப்படியே இருந்திருக்கும். நீ சொன்னதுதான் சரி. இதை எழுத எனக்கு நாலு வருஷம் ஆயிருக்குது.

இதோட இன்னொரு தாளும் வச்சிருக்கேன். அது உனக்கு எழுதினது இல்ல, இன்சூரன்ஸு கம்பெனிக்கு எழுதினது. சூளை வச்சது, ஃப்ரிட்ஜு எரிஞ்சதுன்னு சொன்னது, ரெண்டு எடத்துலயும் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான், என் மவனுக்கு எதுவும் தெரியாதுன்னு எழுதியிருக்கேன். அதைக் குடுக்கறதா வேணாமான்னு நீயும் செலினும் முடிவு பண்ணுங்க. கேஸு கீசுன்னு வந்தா வரட்டும், நான் வந்து நிக்கிறேன். ஒரு போன் போடு, அடுத்த பஸ்ஸுல வரேன். ஆனா ஃபாரத்துல மட்டும் உண்டுன்னு எழுது. கோவம் வந்தா நல்லா திட்டு. ‘சொன்னேன்ல’ன்னு சொல்லணும்னா சொல்லு, கேட்டுக்கிறேன். ‘விடும்மா’ன்னு மட்டும் சொல்லாத.

ரெண்டு தாள்லயும் கீழ என் கையெழுத்தைப் போட்டிருக்கேன். எழுத்து சின்னதும் பெருசுமா இருக்கும், வாலு கோணிக்கிட்டு இருக்கும். நான் அழகா போட மாட்டேன்னு உனக்குத் தெரியும்.

உன் அம்மா